கடைக்குப் போகிற பிள்ளை

1954 பெப்ரவரி 1, திங்கள்

விடியப்புறம் தூறல். கிணற்றடி சேறு. நேற்றுக் கழுவின துணி இன்னும் ஈரம்.

சம்மாந்துறையிலிருந்து தங்கச்சி சுபைதாவின் கடிதம். அவளும் கைமெசின் வாங்கிவிட்டாளாம். அவளுடைய பிள்ளைக்கு நாலு மாதம். "மூணு புள்ளைகளையும் வெச்சிக்கிட்டு எப்பிடி ராத்தா தைக்கிறீங்க? ஒண்டொண்டா எழுதி அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாள். கேட்க நல்ல ஆளைப் பிடித்தாள்!

சரி, இந்த அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். முன்பக்கம் முழுக்க ஊர்ப் பெண்களின் இடுப்பளவு. ஆம்பிளை ஒருவரும் தொடமாட்டார்.

சுபைதாவுக்கு:

1. ஏணைக் கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொள். வலது கை சக்கரம் சுற்ற, இடது கை துணி பிடிக்க. கால் சும்மாதானே கிடக்கிறது, அது பிள்ளையை ஆட்டட்டும்.

2. வெட்டுவது பிள்ளை தூங்கும்போது, தைப்பது விழித்திருக்கும்போது. மெசின் சத்தத்துக்குப் பிள்ளை அடங்கும். கத்தரிக்கோலைக் கண்டால் அடங்காது.

3. தவழத் தொடங்கினால் பழஞ்சேலையால் கட்டில் காலில் கட்டு. வாசல்வரை எட்டலாம், மெசின்வரை எட்டக்கூடாது. ஆட்டுக்குட்டியா வளர்க்கிறாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

4. பால் கொடுக்கும்போது ஊசியைத்

நிசார் எழும்பிவிட்டான். ஒன்பது மாதம், மேல் பல் இரண்டு வருகிறது, நாள் முழுக்கச் சிணுங்கல்.

கலியாண வீட்டுத் தையல் சனி ளுஹர்த் தொழுகைக்கு முன் முடியவேண்டும். சட்டை ஆறு, உள்பாவாடை நாலு. வெள்ளை மல் துணியின் வெட்டுத் துண்டுகளை மறுபடி காணவில்லை. றபீக்கின் வேலைதான், பட்டத்துக்கு வால் கட்டுகிறான். காதைத் திருகினேன். "அல்லாவுக்காக நான் எடுக்கல்ல உம்மா" என்று அழுகிறான். ஆறு வயது, அதற்குள் சத்தியம் வேறு.

2, செவ்வாய்

மழை இல்லை, மப்பு. தலையிடி.

மூத்தவள் ஹபீபாவை இன்றும் பள்ளிக்கூடம் விடவில்லை. இரண்டு கிழமையில் நாலாவது நாள். வேறு என்ன செய்ய? காலையில் நீல நூல் முடிந்தது, ஓடினாள். பிறகு கொக்கி, அதற்கும் ஓடினாள். பிறகு நிசாரை இடுப்பில் வைத்துக்கொண்டு மணப்பெண் வீட்டுக்குப் போய்க் கை அளவு சரியா என்று கேட்டுவந்தாள்.

கடை நாலு வளவு தள்ளித்தான். ஆனால் அங்கே வாசலில் போட்ட வாங்குப் பலகையில் எந்நேரமும் ஆம்பிளைகள். கலியாணம் முடித்துப் பதினாலு வருடம், அந்தக் கடையின் உள்பக்கம் எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கேயும் போனால் மாட்டுக் கரத்தையில்தான், அதற்கும் சேலை மறைப்பு. ஹ.வுக்கு வயது பன்னிரண்டு, இன்னும் சின்னப்பிள்ளை, அதனால் தெரு அவளுக்கு இருக்கிறது. என் தையல் முழுதும் அந்தப் பிள்ளையின் காலில்தான் நடக்கிறது.

இது சீதன வீடு. உறுதிப் பத்திரம் என் பெயரில். உள்ளே இருக்கிறவளும் நான்தான்.

பின்னேரம் பள்ளிக்கூட ரீச்சரின் துண்டுக் கடிதம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து விட்டிருந்தார். பரீட்சை சனிக்கிழமை, கல்முனையில். பாஸ் பண்ணினால் மட்டக்களப்பில் தங்கிப் படிக்கலாம், செலவில்லை. "இந்தக் கிழமையாவது பிள்ளையை மறிக்கவேண்டாம்" என்று கடைசியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். கோடு எனக்குத்தான்.

ஹ.வின் வாப்பா போன மாதமே சம்மதித்துவிட்டார். "சின்னப் புள்ளதானே, எழுதட்டும். பெரியபுள்ள ஆகினாத் தானா நிக்கும்." அவர் இப்போது வயல் வட்டையில், வெள்ளாண்மை வெட்டு. வியாழன் பின்னேரம்தான் வருவார்.

5. சுபைதா, மூத்தது பெண்பிள்ளையாய் இருக்கவேண்டும்.

எழுதிவிட்டு அடித்தேன். அவளுக்கு இருப்பது ஆண்பிள்ளை.

3, புதன்

நல்ல வெயில். எழுத்து கோணல்.

காலையில் விறகு எடுக்கப் போனேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால், சாத்தி வைத்த பழம்பாயின் மறைவில், ஒரு கம்பியில் வெள்ளை மல் துண்டுகள். தோய்த்து, பிழிந்து, ஓரம் இழுத்து வரிசையாய்க் காயப்போட்டிருந்தது. நான் வெட்டின துண்டு எனக்குத் தெரியாதா? நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது.

ஹ.வைக் கூப்பிட்டேன். வந்தாள், பாயைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா உம்மா."

"ஏண்டி சொல்லல்ல?"

"சொன்னாப் பள்ளிக்கூடம் நிப்பாட்டுவீங்க."

பயந்தியா என்று கேட்டேன். ஓம் என்றாள். முதல் தரம் செத்துப்போவேன் என்று நினைத்தாளாம். பிறகு ஓதுகிற இடத்தில் பெரிய பிள்ளைகள் கதைக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். மூன்று மாதமாய் மாதத்தில் சில நாள் வயிற்றுவலி, ஓதப் போகமாட்டேன் என்று படுத்தாள். சோம்பல் என்று ஈர்க்குமாற்றால் அடித்தேனே! அந்த நாட்களில் குர்ஆனைத் தொடக்கூடாது என்ற முறையைப் பிள்ளை ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகக் காத்திருக்கிறாள், அதற்கு என்னிடம் அடியும் வாங்கியிருக்கிறாள். யா அல்லாஹ், இந்தக் கை.

கட்டிப்பிடித்தேன். நிசார் கட்டில் காலில் கத்திக்கொண்டு கிடந்தான். கத்தட்டும் என்று விட்டேன்.

றபீக்கைக் கூப்பிட்டுச் சர்க்கரைக் கட்டி கொடுத்தேன். "எதுக்கு உம்மா?" சும்மாதான்.

உள்பாவாடை இரண்டு மீதி. ஒரு கொக்கி தலைகீழாய்த் தைத்துப் பிரித்தேன்.

4, வியாழன்

காற்று. தெருப்புழுதி எல்லாம் துணியில்.

ஹ. பள்ளிக்கூடம் போனாள். நான் அனுப்பினேன். நிசார் மூன்று தரம் கட்டை அவிழ்த்தான், சோறு அடிப்பிடித்தது.

பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று சொன்னால்: மதினி வருவா, தெருப் பெண்கள் வருவார்கள், தண்ணி வார்த்துக் குரவை போடுவார்கள், பலகாரம் சுடுவார்கள். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அதற்குப் பிறகு ஹ. இந்த வாசல் கடப்படியைத் தாண்டமாட்டாள். கொஞ்ச நாளில் கலியாணப் பேச்சு. என்னை நிப்பாட்டினதும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு, கணக்குப் பாடத்தில் பாதி. மீதிக் கணக்கை யார் செய்தார்களோ.

சொல்லாமல் பரீட்சைக்கு விட்டால்: மட்டக்களப்புக்குப் போய்விடுவாள். நூல் வாங்க ஆள் இல்லை, பிள்ளை தூக்க ஆள் இல்லை. தையல் நின்றுவிடும்.

சொல்லாமல், பரீட்சைக்கும் விடாமல் இருந்தால்: எல்லாம் இப்போது போலவே. என்னோடு இருப்பாள், தெருவிலும் நடப்பாள். இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்.

மூன்றாவதை எழுதும்போது மனம் குளிர்ந்தது. அதுதான் அசிங்கம். பெற்ற பிள்ளையை அவள் வைத்த ரகசியத்தைக் கொண்டே கட்டிப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், நானே வாசிக்கவேண்டும்.

பின்னேரம் அவர் வந்தார். கால் முழுக்கச் சேறு, முகத்தில் சந்தோஷம். விளைச்சல் பரவாயில்லையாம்.

5, வெள்ளி

ஜும்ஆ முடிந்து அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் மதினி வந்தா. அவருடைய அக்கா, இரண்டு வளவு தள்ளி இருக்கிறா. வந்தால் நேரே குசினி, சட்டி திறந்து பார்த்துவிட்டுத்தான் கதை.

"நாளைக்குப் புள்ளையக் கல்முனைக்கு அனுப்புறீங்களாமே. பஸ்ஸிலயாம். உள்ளதா தம்பி?"

"ஓம் ராத்தா, ரீச்சரோடதான்."

"ஆள் வளந்து போச்சி. உனக்குக் கண் இல்லையா?" பிறகு என் பக்கம் திரும்பினா. "புள்ள, நீ சொல்லு. இன்னும் ஆகல்லயா?"

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். ஹ. கதவுக்குப் பின்னால், பாதி பாவாடை எனக்குத் தெரிகிறது. நான் சக்கரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"இல்ல மதினி."

"நல்லாப் பாத்தியா?"

"என்ட புள்ள எனக்குத் தெரியாதா? இன்னும் பட்டத்துக்குப் பின்னால ஓடுது."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு புளியாணம் நல்லாயிருக்கு என்றா. ஒரு கிண்ணம் கொண்டும் போனா.

ஜும்ஆ நாளில் பொய். இதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் ரப்பே, பிள்ளையிடம் கேட்காதே.

தைத்துப் பார்த்தால் சட்டைக் கை ஒன்று வளைந்திருக்கிறது. பிரிக்கவேண்டும்.

6, சனி

ரீச்சர் கடப்படியில் நின்று கூப்பிட்டார். ஹ. வெள்ளைப் பாவாடை, தலையில் எண்ணெய், கையில் இரண்டு பென்சில். திரும்பிப் பார்க்காமல் போனாள். தெரு முனைவரை கிடுகு வேலிப் பொத்தலால் பார்த்தேன். அதற்கு அப்பால் தெரியாது.

கலியாண வீட்டுப் பெண்கள் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். கடைசிச் சட்டைக்கு இரண்டு கொக்கி குறைவு. கடைக்குப் போக ஆள் இல்லை. என் சட்டையிலிருந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். நாள் முழுக்க முந்தானையால் மூடிக்கொண்டு திரிந்தேன், பைத்தியம் மாதிரி.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். முகம் கறுத்து, ஆனால் கண் மினுங்குகிறது. கணக்கு எல்லாம் செய்தாளாம். கட்டுரைக்கு நேரம் போதவில்லையாம். வந்த கையோடு நிசாரைத் தூக்கினாள்.

"உம்மா, பாஸ் பண்ணினாலும் நான் போகல்ல."

"ஏன்?"

"நீங்க என்ன செய்வீங்க? நூலுக்கு ஆரு போறது?"

"போவாய்" என்றேன். "போவாய்! போவாய்!" அவ்வளவு உரக்கக் கத்தியிருக்கிறேன் என்று றபீக் ஓடிவந்தபிறகுதான் தெரிந்தது. நிசார் அழுதான். ஹ.வும் அழுதாள். நான் அழுதது சட்டைக்குக் கொக்கி இல்லை என்றுதான் என்று சொன்னேன். நம்பவில்லை.

7, ஞாயிறு

வெயில். ஒரு மழைத்துளி இல்லை.

சுபைதாவுக்கு எழுதினதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். ஆள் வைத்துக்கொண்டு செய்ததெல்லாம் நான் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். தனியாய்ச் செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும்.

ஹ.விடம் சொன்னேன்: "இண்டைக்கு நீ மட்டக்களப்பில இரிக்காய் எண்டு நெனச்சிக்க. ஒண்டையும் தொடாத. நான் பழகணும்." சிரித்தாள். மூலையில் பாய் போட்டுப் புத்தகத்தோடு இருத்தினேன்.

ஏழு மணி: சோறு ஆச்சு.
எட்டு: நிசார் எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்தான். துடைத்தேன். ஹ. எழும்பினாள், கண்ணால் மறித்தேன்.
ஒன்பது: ஒரு பாவாடைக்கு மட்டும் மடிப்பு.
பத்து: வெள்ளை நூல் முடிந்தது.

காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, நிசாரை இடுப்பில் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் கடப்படியில் நின்றேன். யாராவது ஒரு பெண்பிள்ளை வந்தால் கொடுத்து அனுப்பலாம். ஒன்றும் வரவில்லை, எல்லாம் ஓதப் போயிருக்கும். மீன்காரர் வந்தார், உள்ளே ஒதுங்கினேன். சைக்கிளில் இரண்டு பேர், மறுபடி ஒதுங்கினேன். கடையின் தகரக் கூரை அங்கிருந்தே தெரிகிறது. நடந்தால் அறுபது காலடி வராது. ஒரு காலை வெளியே வைத்தேன். வாங்கில் யாரோ இருமினார், காலை எடுத்துவிட்டேன். என் மேலேயே எரிச்சல்.

உள்ளேயிருந்து ஹ.: "உம்மா, நான் ஓடிப்போய் வாறனே. ஒரு நிமிசம்."

"நீ இங்க இல்ல. படி."