ஜீப்பைத் திட்டாத தவக்காலம்

2 மார்ச் 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் என் இட்லித் தட்டு போர்ச்சில் கிடக்கிறது. குழிக்குக் குழி போல்ட்டு. "கலந்துடக் கூடாதுல்ல லேனா, அதான்" என்கிறார் ரபேல். ஊரில் எவள் புருஷனாவது இப்படிச் செய்வானா?

எண்பத்து நான்காம் வருடத்து டீசல் ஃபோர்வீல் ஜீப். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்ததை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கி வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற இவருக்கு லீவு நாளிலும் இரும்பு வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து போர்ச் ஜீப்புக்கு. என் மைவி கார் ரோட்டில் வெயில் காய்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. ஜனவரியில் ஜீப்பின் துருத் தகட்டை அறுக்கும்போது கிரைண்டர் தட்டு உடைந்து அவருடைய இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆப்பரேஷன் செய்தும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன், அந்தப் பேய் வீட்டில் இருக்கக் கூடாது என்று. கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கெஞ்சினார்: "ஈஸ்டர் வரைக்கும் டைம் கொடு. அதுக்குள்ள நானே ஓட்டிக்கிட்டு காப்பார் தோட்டத்த ஒரு ரவுண்டு வரலன்னா வித்துடுறேன். சத்தியம்."

சரி என்றேன். விற்றுவிடுவார் என்று நிச்சயமாக இருந்ததால்தான் சரி என்றேன்.

5 மார்ச், திருநீற்றுப் புதன்

இந்தத் தவக்காலத்துக்கு மட்டனை விடப்போகிறேன் என்று சொன்னதும் ஷார்மைன் சிரிக்கிறாள். நான் பெற்ற மகள்தான்! "மட்டன் விடுறது ஈஸி லா மம்மி. ஜீப்ப பத்தி டேடிய ஏசாம இருங்க, பாப்போம்."

நெற்றியில் சாம்பலோடு நின்றுகொண்டிருந்தேன். ரோஷம் வந்துவிட்டது. சரி, ஈஸ்டர் வரைக்கும் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார், நம்பாமல்.

6 மார்ச்

நாக்கைக் கடித்துக்கொண்டே ஒரு நாள் போயிற்று.

12 மார்ச், புதன்

வேலை முடிந்து வரும்போது கம்யூட்டர் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கிலிருந்து வீடு வரை நின்றுகொண்டே வந்தேன். அந்த அலுப்பில் போர்ச்சுக்கு டீ கொண்டு போனேன். வழக்கமாக டீயோடு நாலு வார்த்தையும் கொடுப்பேன். அது இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று பார்த்தேன்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இடது கையால் நட்டைப் பிடிக்க முடியாது. அதனால் ஸ்பானருக்குள் கிரீஸ் தடவி, நட்டை அதில் ஒட்டவைத்து, வலது கையால் மேலே கொண்டுபோகிறார். விழுகிறது. எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ். மறுபடி விழுகிறது. ஒரு 'ச்சே' கூட இல்லை. கடைசியில் பிடித்துக்கொண்டது.

இந்த மனிதரா ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் சுவரில் அடிப்பவர்? எனக்கு அவர் மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது. டீ ஆறிப்போனது.

23 மார்ச், ஞாயிறு

இன்று என்னை வேலைக்கு வைத்துவிட்டார். பிரேக் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறதாம், வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம். நான் மேலே சீட்டில், அவர் சக்கரத்தடியில்.

"அமுக்கு." அமுக்கினேன். "பிடிச்சிக்க." பிடித்தேன். கீழே திருகைத் திறப்பார், எண்ணெயும் காற்றும் புஸ்ஸென்று வரும், மூடுவார். "இப்ப விடு."

மூன்றாவது சக்கரத்தில் கால் கடுத்து, அவர் சொல்வதற்கு முன்பே விட்டுவிட்டேன். காற்று முழுக்க உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து செய்ய வேண்டும். நானாக இருந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அவர் வெளியே தலையை நீட்டி, "கால் வலிக்குதா? கொஞ்சம் உக்காரு" என்றார்.

வண்டியின் தரையையும் இன்றுதான் சரியாகப் பார்த்தேன். துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அந்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். என் தையல் மிஷினில்கூட அவ்வளவு நேராக வராது.

6 ஏப்ரல், ஞாயிறு

எஞ்சின் ஓடிவிட்டது!

கரும்புகை. பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி அக்கா காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மேருவில் பட்டறை வைத்திருக்கிற பிரவின், இவருடைய ஃபோர்வீல் கூட்டாளி, பானட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அக்கா, என் பட்டறையில மூணு பேர வச்சுக்கூட இத இப்படிப் பண்ண முடியாது. அண்ணன் ஒன்றரைக் கையில பண்ணிட்டாரு."

ஏதோ நானே பிரசவித்த மாதிரி பெருமை. வெட்கமாகவும் இருந்தது, திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து.

பிறகு இவர் ஏறி உட்கார்ந்து கியர் குச்சியைப் பிடித்தார். ஒன்றாவது முன்னால் தள்ளுவது. உள்ளங்கை போதும், விழுந்தது. இரண்டாவதைப் பின்னால் இழுக்க வேண்டும். விரல் பிடிக்கவில்லை. கை வழுக்கி மடியில் விழுந்தது. பிரவின் வேறு பக்கம் பார்த்தான். இவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

பிரவின் ஓட்டிக்கொண்டு போய் வாகனப் பரிசோதனையில் காட்டி வந்துவிட்டான். ரோட்டேக்ஸும் கட்டியாயிற்று. வண்டி தயார். கைதான் தயாரில்லை.

குச்சியின் தலையில் கைத்தடிப் பிடி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். மணிக்கட்டில் வார் கட்டி இழுத்துப் பார்த்தார். தையல் போட்ட இடம் வீங்கிவிட்டது. பிரவின் "ஆட்டோ கியர் மாத்திடலாம் அண்ணே" என்றதும் வாரை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். அவனுக்குத் தெரிந்த ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறார். ஈஸ்டருக்கு மறுநாள் வருவார்.

நான் கேட்டதுதான் நடக்கப்போகிறது. பின் ஏன் சோறு இறங்கவில்லை?

19 ஏப்ரல், பெரிய சனி

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

காலையில் "வா, பாத்துடலாம்" என்றார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒன்றாவது கியரிலேயே ஊர்ந்து, எங்கள் தாமான் வீடுகளைத் தாண்டி, காப்பார் ரோட்டு முனைக்கு வந்துவிட்டோம். அங்கே இரண்டாவது போட வேண்டும். குச்சியை இழுத்தார். கர்ரென்று பல்லைக் கடிக்கிற சத்தம். மறுபடி இழுத்தார். எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளுகிறான்.

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். "போதும் லேனா. பிரவினுக்கு போன் போடு. அந்த ஆள வந்து எடுத்துக்கச் சொல்லு."

அவ்வளவுதான். தவமாவது ஒறுத்தலாவது!

"விக்கவா? என் இட்லித் தட்டுல கிரீஸ பூசுனீங்க, என் மைவி சாயம் போச்சு, ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமன்னா என்னான்னு தெரியாம இருந்தேன். எல்லாத்தையும் நான் பொறுத்துக்கிட்டப்புறம் இப்ப விக்கிறாராம்! வெக்கமா இல்ல? ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச்ச மிதிங்க!"

பயந்துபோய் ஸ்டார்ட் செய்து மிதித்தார். ஒன்றாவதில் வண்டி நகர்ந்தது. "மிதிங்க!" என்று மறுபடி கத்தி, என் வலது கையால் குச்சியைப் பிடித்து இழுத்தேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் அவர். கியர் நான். முதலில் நம்பர் சொல்லிக்கொண்டு வந்தார்: "மூணு... ரெண்டு... மூணு." பாதித் தோட்டம் போனதும் எஞ்சின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே முழு ரவுண்டும் வந்தோம். அவர் அழுதார். நான் ரோட்டைப் பார்க்கச் சொல்லி அதற்கும் திட்டினேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

ஒரு நாள் பாக்கி இருக்கும்போது வாயைத் திறந்துவிட்டேன். ஃபாதரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் சிரிப்பார்.

"நானே ஓட்டுவேன்னுதானே சத்தியம். நீ பாதி ஓட்டுனியே?" என்கிறார் இவர். கட்டின நாளிலிருந்து பாதி நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். பிரவினுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், வண்டி விற்பனைக்கு இல்லை என்று.

14 ஜூன், சனி

பிரவின் கூட்டத்தோடு உலு லங்காட் காட்டுப் பக்கம் ஜீப்பில் போனோம். சேற்றில் முன்சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் யாராவது இறங்கி, சக்கரத்தின் நடுவில் இருக்கிற பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். பக்கத்து சீட்டுக்காரரின் வேலையாம் அது. முழங்கால் சேற்றில் இறங்கித் திருப்பிவிட்டு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரவில்லை. அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் ஒரு பூட்டு இருக்கிறதாம்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்த் திருப்பிவிட்டு வந்தார்.

ஒரு ஜோடிச் செருப்பு போயிற்று.

5 அக்டோபர், ஞாயிறு

கைக்கு இனிப் பயிற்சி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரத்துணியைப் பிழிகிறார், மூடியைத் திறக்கிறார். வியாழக்கிழமை மேருவுக்குத் தனியாகவே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் வந்தார். எல்லா கியரும் விழுகிறதாம்.

இன்று பூசை முடிந்து இரண்டு பேரும் மீன் வாங்கப் போனோம். பச்சை சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது. கிளட்சை மிதித்துக்கொண்டு, இடது கையை மடியில் வைத்தபடி, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாவதைப் போட்டேன்.