சிப்பியின் பஸ் கூடை

உமது மீன் கூடையை இன்று விடிய அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். நிலத்தில் வைக்க முன்னமே சிப்பி பாய்ந்து உள்ளே இருந்துவிட்டது. வவுனியாவுக்கு மருந்தெடுக்கப் போகிற நாள் என்று இந்த நாய்க்கு எப்படியோ தெரிகிறது. நீர் கண்மூடி முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உமது தங்கச்சி தந்துவிட்டுப் போன கூடை அது. அடியில் விரித்திருந்த சேலைத் துண்டை உதறினேன். வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஒன்று விழுந்தது. உமது பெயர். சிப்பியின் மருந்து அட்டையை எடுத்து ஒத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே திகதிகள்.

முதல் பயணம் நினைவிருக்கிறதா? கொண்டக்டர் இறக்கிவிடுவார் என்ற பயத்தில் சிப்பியை ஸிப் இழுத்து மூடிய உடுப்புப் பைக்குள் ஒளித்து ஏறியவள் நான். சத்தமே இல்லை, நல்ல பிள்ளை என்று பெருமை வேறு. மன்னார்ப் பாலம் தாண்டியதும் நீர்தான் பையைத் திறந்தீர். நாக்குத் தொங்கி, கண் செருகிக் கிடந்தது. பஸ்ஸை நிற்பாட்டி, போத்தல் தண்ணீரை வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினீர். சிப்பி ஒரு வாய் குடித்த பிறகுதான் என்னைப் பார்த்தீர்.

"ஒளிச்சுக் கொண்டுபோனால் மூச்சு முட்டும். இனிக் கேட்டுப்போட்டு ஏறுவம்."

அதற்குப் பிறகு இந்தக் கூடைதான். சுற்றிவரக் காற்றுக்கு ஓட்டை, கழுத்து வாருக்கு ஒரு முடிச்சு, வெயில் ஏறமுன் முதல் பஸ். காலையில் சோறு இல்லை, இடையிடையே தண்ணீர் மட்டும். பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்காமல் நீர் ஒருநாளும் இருந்ததில்லை. எருக்கலம்பிட்டியில் ஏறிய ஒரு முஸ்லிம் உம்மாவிடம், நாய் இருக்கு, பரவாயில்லையோ என்று கேட்டீர். "யன்னல் பக்கம் வையுங்கோ மகள். வாய் உடுப்பில படாட்டிச் சரி" என்று சொல்லி அவர் எழும்பி இடமும் மாறித் தந்தார்.

போகிற நாளை எப்போதும் நீர்தான் குறிப்பீர். மிருக வைத்தியரிடம் எங்களை இருத்திவிட்டு, "நூல் வாங்கிக்கொண்டு வாறன்" என்று போவீர். ஒரே கந்தோரில் பதினெட்டு வருஷம் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவள் நான். நீர் ஒரு பொத்தான் தைத்தும் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் நம்பினேன். என்மேல் எனக்கு வருகிற கோபத்தைவிட உம்மேல்தான் அதிகம்.

இன்று சிப்பிக்கு மருந்து போட்டபின் உமது கொப்பியில் இருந்த அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தேன். பத்து நிமிஷம்கூட இல்லை. நாயோடு இதில் இருக்கலாமோ என்று காவலாளியைக் கேட்டேன். "ஓம், அந்த மரத்தடியில இருங்கோ" என்றார்.

நீர் நூல் வாங்கப் போகிற அந்த ஒரு மணித்தியாலமும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். சொல்லியிருந்தால் ஒவ்வொரு முறையும் இருந்திருப்பேன். ஊரெல்லாம் கேட்டீர், என்னைத்தான் கேட்கவில்லை.