பிளக்கைப் பிடுங்கியவர் பெயர்

அன்பு மாப்பிள்ளை சிவகுமாருக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் என் நலத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். அலுப்பாக இருக்கிறது. ராசிபுரத்தில் பஸ் ஏறி சேலத்துக்கு வேலைக்கு வந்து திரும்புவதே ஒரு வேலை. அதற்கு மேல், நாம் இரண்டு பேரும் சம்பளமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டதை இப்போது நான் ஒருவனே பார்க்கிறேன். நீ இருந்தபோது திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நிரல் எழுதுகிறவர்கள் எழுதியதை ஒவ்வொரு கட்டத்திலும் சேமித்து வைத்து, பழையதைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். வருகிற திருத்தத்தைப் படித்து, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்வது நம் பொறுப்பு. உன் மனைவி கோமதிக்கு நீ இதை விளக்கிய விதம்தான் எனக்குப் பிடிக்கும். "எழுதுனது அழியாம காவல் காக்கற வேலை, புள்ளே" என்றாய். "காவலுக்குச் சம்பளம் உண்டுங்களா?" என்று கேட்டாள். நீ அப்போதே பேச்சை மாற்றிவிட்டாய்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் பகுதியை எடுத்துவிடச் சொல்லி ஒரு திருத்தம் வந்தது.

நீ எழுதியது மெதுவானதுதான், ஒப்புக்கொள். ஒரு கோப்பை எழுதி, அது கணினியின் வட்டில் நிஜமாகவே பதிந்துவிட்டதா என்று காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த கோப்புக்குப் போகும். கோப்புகள் அதிகமானால் டீ குடித்துவிட்டு வரலாம். புதிய திருத்தம் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை காத்திருக்கிறது. எழுதியவர் எந்த ஊரோ தெரியாது. மரியாதையான ஆள், சுத்தமான கை. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது, குறை ஒன்றும் அகப்படவில்லையே என்று.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். உன் பகுதி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, உன் பெயர். மனசு சரியில்லாத நாளில் அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். இந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் அங்கே வேறொருவர் பெயர் வந்துவிடும். நான் நாளைக் கடத்தினேன். "போய்விட்டவர் எழுதியது என்பதற்காகத் தடுக்கிறீர்களா?" என்று மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவில் ஒருவர் எல்லாருக்கும் தெரியவே கேட்டுவிட்டார். கோபம் வந்தது. அவர் கேட்டது பொய்யில்லை என்பதும் தெரிந்தது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பிளக்கைப் பிடுங்கிப் பார் என்றிருப்பாய். உனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதானே. நான் என் மடிக்கணினியில் சேமிக்கக் கொடுத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருசம் உன்னோடு இருந்தும் இந்த லட்சணம். நீ இருந்தால் உங்கள் அம்மாபேட்டை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை கோமதியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். யுபிஎஸ் இல்லாமல் நீ வைத்திருந்த பழைய கணினி அதே மூலையில் இருக்கிறது. தூசி துடைத்து வைத்திருக்கிறாள். புதிய திருத்தத்தை அதில் ஏற்றிச் சேமிக்கக் கொடுத்தேன், 'சேமித்தாயிற்று' என்று வந்தது, குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால் எல்லாம் பத்திரம். திரும்பத் திரும்பச் செய்தேன், எதுவும் போகவில்லை. சரி, சேர்த்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

கோமதி யாருக்கோ ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடைசியாக ஒரு முறை ஓட விட்டேன். 'சேமித்தாயிற்று' என்று வந்ததுதான் தாமதம், திரை கறுத்தது. திரும்பிப் பார்த்தால் அவள் கையில் பிளக்.

"ஏந்தங்கச்சி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க பாத்துப் பாத்துப் புடுங்குறீங்ணா. அவிய அப்படிப் பண்ண உடமாட்டாங்க. திரையப் பாக்காத, எனக்கும் சொல்லாத, உனக்குத் தோணறப்போ புடுங்கும்பாங்க. கரண்டு சொல்லிட்டா போகுதும்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவிய மட்டும் சொல்லிட்டா போனாங்க?" என்றாள்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடையிலிருந்து இறங்கியவன் நீ. டீ வந்தது, நீ வரவில்லை. அவள் நகல் எடுக்கப் போய்விட்டாள்.

கணினியைத் திரும்பப் போட்டேன். 'சேமித்தாயிற்று' என்று என் கண்ணெதிரே சொன்ன கோப்பு காலியாகக் கிடந்தது. காத்திருப்பதற்கு முன்பே அந்தத் திருத்தம் சேமித்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறது, மாப்பிள்ளை. நான் அந்த வரியைப் படித்துவிட்டுக் குனிவதற்குள் வட்டு வேலையை முடித்துவிடும், அதனால்தான் என் கையில் அது அகப்படவே இல்லை. சொல்வதற்கும் பதிவதற்கும் நடுவே இருக்கிற அந்தக் கண நேரத்தில் கோமதி பிடுங்கியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் வரிகள் பிழைத்தன என்று நினைத்தேன். அது நிலைக்கவில்லை. குறையை எழுதி அனுப்பினேன். அந்த ஆள் நன்றி சொல்லி, அறிவிப்பைக் காத்திருப்புக்குப் பின்னால் நகர்த்தி, திருத்தத்தையே திருத்தி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு பூராவும் கோமதி வாடிக்கையாளர்களுக்கு நடுநடுவே தோன்றியபோதெல்லாம் பிடுங்கினாள். சேமித்ததாகச் சொன்ன எதுவும் போகவில்லை. எனக்குச் சாக்கும் தீர்ந்துபோயிற்று.

"அப்ப அவிய எழுதுனது போயிருமுங்களா?" என்று கேட்டாள்.

"போயிரும் தங்கச்சி."

"இது வெரசா ஓடுதுங்களா?"

"நல்லாவே ஓடுது."

"எதும் அழியாதுல்லங்ணா?"

"அழியாது."

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கறீங்க? சேத்துப்போடுங்க."

சேர்க்கிற திருத்தத்தின் அடியில் பார்த்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் எழுதுவது நம் வழக்கம். பார்த்தவர் என்று என் பெயரைப் போட்டேன். சோதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தேன். எட்டிப் பார்த்துவிட்டுக் கூச்சப்பட்டாள்.

"என்ற பேரு எதுக்குங்ணா? பிளக்கத்தான புடுங்குனேன்?"

"வேற யாரும் புடுங்கலியே."

கடையில் ஆள் வந்து நின்றது. போனவள் பாதியில் திரும்பி வந்தாள். "வெறும் கோமதின்னு போடாதீங்ணா. கோமதி சிவகுமார்னு போடுங்க" என்றாள்.

போட்டேன். அதற்கப்புறம்தான் சேர்த்தேன். உன் வரிகள் போய்விட்டன, மாப்பிள்ளை. அவற்றை எடுத்த திருத்தத்தின் அடியில் உன் பெயர் இருக்கிறது.

அலுப்பு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. வேகம், வேகம் என்று இனி எது வந்தாலும், கோமதி தனக்குத் தோன்றியபோது பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காமல் நான் அதற்குச் சரி சொல்ல மாட்டேன். டீ நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான், கோமதிக்கு அண்ணன்,
தங்கராசு