கக்கிவிட்டுச் சிரித்தவள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

பேரனின் எடை ஐந்து கிலோ எண்ணூறு என்று மாப்பிள்ளை நேற்றுக் காலை எழுதியிருந்தார், மருத்துவமனைத் தராசில் பார்த்தது என்றும் சேர்த்திருந்தார், ஆகவே நம்பினேன். இங்கே நாங்கள் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் பழைய குடித்தனக்காரரைப் போலக் காலி செய்ய மறுக்கிறது. குடித்ததையெல்லாம் பிள்ளை கக்குகிறான், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கேட்டே வாங்கிவிடப் போகிறேன் என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். எனக்கு நம் பழைய மாடி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

மூன்று மாதத்தில் நீயும் இப்படித்தான். என் சட்டைகளில் இடது தோள் மட்டும் வெளுத்திருக்கும், பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்கோப்பவர் என்னைப் பால்காரரே என்றுதான் கூப்பிடுவார். நீ குடித்தது, கக்கியது, அழுதது எல்லாவற்றையும் அம்மா ஒரு நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தாள், நான் அதைச் செய்தி சுருக்குவதுபோல மூன்று வரியாக்கி மருத்துவரிடம் வாசித்தேன். அவர் அந்த மருந்தை எழுதினார். இரண்டு வாரம் கொடுத்தோம், நீ கக்குவது குறையவில்லை, கூடவே வயிற்றுப்போக்கும் வந்தது. மறுமுறை அம்மா நோட்டையே மேசையில் வைத்துவிட்டாள். அவர் நிதானமாகப் படித்து, கக்கிவிட்டுச் சிரிக்கிறாள் என்ற வரியில் விரலை வைத்து, "இதை ஏன் சார் வெட்டினீங்க? இதுதானே செய்தி" என்றார். மருந்து புளிப்பைத்தான் குறைக்கும், பால் மேலே வருவதை நிறுத்தாது, எடை ஏறிச் சிரிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஜன்னலோரம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன், ஏப்பம் வந்துடுச்சா என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டபடியே இருப்பாள். அவ்வளவு பொறுமையாக நான் வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

உன் பிள்ளை விஷயம் வேறாகவும் இருக்கலாம். உணவுக்குழாய் புண்ணான குழந்தைகளுக்கு அந்த மருந்து தேவைப்படும் என்றும் அந்த மருத்துவரே சொன்னார். கக்குவதில் ரத்தமோ பச்சை நிறமோ தெரிந்தால், பால் குடிக்க மறுத்தால், காத்திராமல் உடனே கொண்டுபோ. இல்லையென்றால் நீயாக மருந்து கேட்காதே, நடப்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு உங்கள் மருத்துவரை முடிவெடுக்க விடு. கக்குற பிள்ளை தக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை, ஆறுதலுக்குச் சரி, ஆதாரம் கேட்டால் முறைக்கிறார்.

கக்கியதுபோக மிச்சமெல்லாம் அவன் உடம்பில் ஒட்டட்டும், நீங்கள் மூவரும் நிறைவாக வாழுங்கள். நீயும் வேளைக்குச் சாப்பிடு. மருந்து உண்டா இல்லையா என்பது வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் மருத்துவர் பார்த்தபிறகு தெரியும், அதுவரை அம்மா கேட்பதையெல்லாம் வெட்டாமல் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்.

என்றும் உன்
அப்பா