ஹார்ன் அடித்தது

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. ஒன்பது மாதமாக எழுதாமல் வைத்திருந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். அன்று ஹார்ன் அடித்தது. உங்கள் காதில் விழுந்தது நிஜம். சிக்னல் இல்லாமல் நீங்கள் கம்பியை இழுக்கவில்லை. என் மகன்தான் பொத்தானை அமுக்கினான். அவனே என்னிடம் சொன்னான்.

இதோடு கடிதத்தை மடித்துவிடலாம். ஆனால் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை விட்டுவிட்ட பிள்ளைக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை. மீதியையும் எழுதத்தான் வேண்டும்.

பதினோரு வருடம் மரத்தடி இழுக்கும் விஞ்ச் மெஷின் ஓட்டியவர் நீங்கள். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மலை உச்சியில் உங்கள் மெஷினும் இரும்புக் கோபுரமும். அங்கிருந்து பள்ளம் வரை கம்பிவடம், துணி உலர்த்தும் கொடி போல. கீழே சரிவில், வெட்டிப் போட்ட தடிகளுக்கு என் மகன் சுருக்குக் கம்பி மாட்டுவான். மாட்டிய பிறகு பக்கவாட்டில் ஏறி, தடி எப்படித் திரும்பினாலும் எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மேலே ஹார்ன் அடிக்கும். நீங்கள் இழுப்பீர்கள். உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தபோது, "ராஜாவா? குருடன் மாதிரி உக்காந்திருக்கேன் மாமா. கீழ ஒண்ணுமே தெரியாது. ஹார்ன் சொன்னா இழுப்பேன், அவ்வளவுதான்" என்றீர்கள்.

அந்த ஹார்னை என் மகன் நடந்துகொண்டே அடித்து வந்தான். கம்பியின் தொய்வு இறுகி, தடி அசைய எட்டு வினாடி ஆகிறதாம். அதற்குள் தாண்டிவிடலாமே, நின்று அமுக்குவது வெட்டி வேலை என்பது அவன் கண்டுபிடிப்பு. ஒருநாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னான். "அத்தான்கிட்ட சொல்லிடாதீங்கப்பா. தெரிஞ்சா கீழேயே இறங்க விடமாட்டாரு" என்றும் சொன்னான்.

அப்பனாக இருந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் திட்டியிருப்பேன். நான் வாத்தியாராக இருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு காலடி நடக்க வேண்டும், ஒரு காலடிக்கு அரை வினாடி, ஆக ஆறு வினாடி. "ரெண்டு வினாடி மிச்சம்டா" என்றேன். சிரித்தோம். கணக்கில் தப்பில்லை, மாப்பிள்ளை. பள்ளிக்கூட மைதானத்தில் நடப்பவனுக்குச் சரியான விடை. மூன்று நாள் மழையில் ஊறிய சரிவில், வேருக்குள் பூட்ஸ் மாட்டிக்கொண்டவனுக்கு அதில் இடமே இல்லை. தடி திரும்பி வந்து காலில் அடித்தது.

மருத்துவமனையில் பன்னிரண்டாம் நாள் அவனுக்கு நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதியில் என் கையைப் பிடித்து, "நான்தான்பா அமுக்கினேன். நடந்துட்டே அமுக்கினேன்" என்றான். நான் சொன்னது இதுதான்: "இப்ப ஒண்ணும் பேசாதே. யார் கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லு." அவன் மறுபடி பேச வாயெடுத்தான். நான் சோப்பு நுரையை உதட்டில் பூசினேன்.

விசாரணை அன்று அவன் ஞாபகம் இல்லை என்றான். பக்கத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த மெஷின் வாள்காரர் மொட்டையும், தன் வாள் ஓடிக்கொண்டிருந்தது, மழை வேறு, ஹார்ன் கேட்ட மாதிரி இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சிக்னல் இல்லாமல் இழுத்ததாக உங்கள் பெயரில் எழுதிவிட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குக் கேட்டுச்சு மாமா" என்றீர்கள். பிறகு, "கேட்டுச்சுன்னுதான் நினைக்கிறேன்" என்றீர்கள். எல்லாம் தெரிந்த நான் உங்கள் தோளில் கை வைத்து, "மனுஷன்னா தவறு நடக்கும் மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். செய்யாத தப்புக்கு உங்களை மன்னித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

மகனைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலும் பாதிதான் உண்மை. அவன் வாயைத் திறந்தால், எட்டு வினாடி போதும் என்று யார் சொன்னது என்று கேட்பார்கள் அல்லவா?

போன வாரம் மகள் உங்களிடமிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள். "அவருக்குத் தன் காது மேலயே நம்பிக்கை போயிடுச்சுப்பா. யாராவது கதவைத் தட்டினாக்கூட, தட்டினாங்களான்னு என்னைக் கேட்கிறாரு" என்று சொல்லி, நீங்கள் காது பரிசோதனை செய்துகொண்ட தாளை மேஜையில் வைத்தாள். கேட்கும் திறன் நன்றாக உள்ளது என்று டாக்டர் எழுதியிருந்தார். அதை நம்பாமல் இன்னொரு டாக்டரிடமும் போனீர்களாமே. உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல இரண்டு டாக்டர்களாலும் முடியாது. என்னால் முடியும்.

நேற்று மகனும் நானும் விசாரணை நடந்த ஆபீசுக்குப் போனோம். ஊன்றுகோலோடு படி ஏறினான், என் கையைத் தொடவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டான். கீழே நானும் போட்டேன். "ஒன்பது மாசமா என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று சூப்பர்வைசர் அவனைக் கேட்டார். நான்தான் பேசவிடவில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மொட்டை கதவருகே நின்றிருந்தார். "அப்ப அவருக்குக் கேட்டிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார். பதிவைத் திருத்தி உங்களுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி மெஷினில் ஏறுவதும் ஏறாததும் உங்கள் விருப்பம்.

மகளிடம் இன்று காலை சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அதன் பிறகு, "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மாத்திரை போட்டுவிட்டேன்.

உங்கள் குணம் எனக்குத் தெரியும். படித்த கையோடு, பரவாயில்லை மாமா என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுவீர்கள். தயவுசெய்து அதை மட்டும் எழுதாதீர்கள். வர வேண்டிய கோபம் முழுதும் வரட்டும். என் பேரைச் சொல்லித் திட்டுங்கள், எத்தனை மாதமானாலும் சரி. நான் காத்திருப்பேன், எனக்கு வேறு வேலை இல்லை. அவளை மட்டும் காக்க வைக்காதீர்கள். பெட்டியை இன்னும் பிரிக்காமல்தான் வைத்திருக்கிறாள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இனி மாமா என்று கூப்பிடுவீர்களோ மாட்டீர்களோ,
உங்கள் மனைவியின் அப்பா