மூடிய லேப்டாப்பின் சத்தம்

ஏங்க,

சோறு குக்கரில் இருக்கிறது, இறால் தொக்கு பக்கத்திலேயே மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் என்னுடைய கம்பெனி பஸ் தேர்வாய் கண்டிகை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி ஸ்டேஷனில் நாலு பேர் பார்க்க, "லேப்டாப்ப ஒயுங்கா மூடத் தெரியாதா? பேக்கு இன்னா இப்டி கொதிக்குது?" என்று கத்தினீர்களே. நான் ஒழுங்காகத்தான் மூடினேன். மூடியதும் ஸ்லீப் ஆக வேண்டுமென்றால், சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என்று செட்டிங்கில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டுமாம். போன மாதம் நீங்கள் சார்ஜருக்கு மட்டும் மாற்றிவிட்டு, பழியை என்மேல் போட்டீர்கள். பேட்டரிக்கும் மாற்றிவிட்டேன். பேக்கில் இனி சூடாகாது.

சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால்.

துர்கா

திட்டாதீர்கள், சார்ஜருக்கு நீங்கள் மாற்றியதை, மூடினாலும் ஓடுகிற மாதிரி பழையபடியே ஆக்கிவிட்டேன். முன்பெல்லாம் நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகும், சார்ஜரில் கிடக்கும் மூடிய லேப்டாப்பின் ஃபேன் சத்தம் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருக்கும். அது நின்றதிலிருந்து எனக்கு இந்த வீட்டில் படுக்கவே பிடிக்கவில்லை.