அம்மா கேட்ட வழுக்குத் தரை

என் பிரியமான அப்பாவுக்கு,

வீட்டில் புது அடுக்களை எழுப்பியிருக்கிறோம். குடவாசல் பக்கத்து அதே தெரு, அதே மனை. பட்டா இப்போது அம்மா பெயரில். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் எடுக்க அம்மாவைக் கும்பகோணம் அழைத்துப் போனேன். அங்கே நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்.

கடைக்காரர் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஆன்டி-ஸ்கிட்மா. தண்ணி கொட்டிக் கெடந்தாலும் வழுக்காது. காலப் புடிச்சுக்கும்.”

“அப்ப அது வேணாம்,” என்றாள் அம்மா.

“வயசானவங்க இருக்குற வீட்டுல இதத்தாங்க கேட்டு வாங்குறாங்க.”

“வழுக்குறது எதுப்பா?”

அவர் பதில் சொல்வதற்குள் அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள். சுவரோரம் சாய்த்திருந்த பளபளப்பான வெள்ளை டைல்ஸைத் தடவிப் பார்த்தாள். பேத்தியின் கன்னத்தைக்கூட அவள் அப்படித் தடவியதில்லை.

“பாட்டி, அது செவுத்துக்கு. தரையில போட்டா ஆளு காலி.”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் எலும்பு அப்பளமாகிவிட்டது, இனி ஒருமுறை விழுந்தால் எழ மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, வழுக்காத தரை போட்டால் புது அடுக்களையில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதி நடப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டதாக டீக்கடை ரேடியோ சொன்னது. நீங்கள் நம்பினீர்கள். சென்னையில் திறந்துவிட்ட சட்டம் கடைமடைக்கு வந்து சேர நாளாகும் என்று ஒரு விவசாயக் கூலிக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

நம் தெருவில் மண் தரைதான் இருக்கலாம் என்பது மிராசுதார் வீட்டு உத்தரவு. தரை கெட்டியானால் ஆள் கெட்டியாகிவிடுவான் என்பது அவர்கள் கண்ட தத்துவம். நீங்கள் அடுக்களைக்கு மட்டும் சிமெண்டு போட்டீர்கள். சிமெண்டு இறுகும்வரை தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்றார் கொத்தனார். வேறு யாராவது என்றால் ஈரச் சாக்கு விரித்திருப்பார்கள். நீங்கள் வயல்காரர். களிமண் சுமந்து வந்து, நிலைப்படியை ஒட்டி வரப்புப் போட்டு, கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினீர்கள். நாற்று விடாததுதான் பாக்கி. களி கரைந்து, தரை விலாங்கு மீனின் முதுகு போலாகிவிட்டது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் நின்றுதான் மேடை அடுப்பில் சோறு வடித்தாள்.

மத்தியானம் மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். பின்னால் கடப்பாறையோடு ஆட்கள்.

“சிமெண்டு கேக்குதாடா ஒனக்கு? பேத்து எறிங்கடா!”

செருப்புக் காலோடு அவர்தான் முதலில் உள்ளே வந்தார். வரப்பில் கால் வைத்தார். மறுகணம் இரண்டு கால்களும் கூரையைப் பார்த்தன. பின்மண்டை அம்மியில் மோதியது.

நீங்கள் அவரைத் தூக்கிவிடக் குனிந்தீர்கள். ஏன் அப்பா? பின்னால் வந்தவர்களுக்கு அவர் கிடப்பதும் நீங்கள் குனிந்து நிற்பதும் மட்டுமே தெரிந்தது. முதல் கடப்பாறை முதுகில் இறங்கியது. அடுத்தது கழுத்தில். உங்கள் முகம் தண்ணீருக்குள் போய், தண்ணீர் சிவந்தது. உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பிறகு ஒருவன், மூலையில் ஒண்டியிருந்த என் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அம்மா உலக்கையை எடுத்தாள். எழப் பார்த்து மறுபடியும் வழுக்கிய காரியக்காரரின் தோளில் ஒன்று போட்டாள். எலும்பு விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது முழங்காலில். “கிட்ட வந்தீங்க, இவன் மண்டையில எறக்கிருவேன்!” நம்பாமல் பாய்ந்தவனும் வழுக்கி அடுப்பில் போய் விழுந்தான், வெந்த கையோடு அலறினான். என் தலையை விட்டுவிட்டு, காரியக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

போலீஸ் வழக்கில் முதல் எதிரி நீங்கள். விசாரணைக்கு நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று அவர்களுக்கு வருத்தம். பிறகு சட்டமும் ஊர் வந்து சேர்ந்தது. காரியக்காரர் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். ஆட்சி மாறியபோதெல்லாம் அவரும் மாறினார். அம்மா உடைத்த முழங்கால் மட்டும் கடைசிவரை ஒரே நிலையில் நின்றது.

கடையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் வழுக்கி விழுந்ததாலதான் நீயும் நானும் இருக்கோம். காலப் புடிச்சுக்குற தரையில எனக்குத் தூக்கம் வராதுடி.”

“நீ விழுந்தா என்னம்மா பண்றது?”

“நான் எங்க விழுறேன்? எனக்கு எடம் தெரியும். வர்றவனுக்குத்தான் தெரியாது.”

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. தரை முழுக்கச் சாம்பல் நிற டைல்ஸ். நிலைப்படி தாண்டியதும் ஒரே ஒரு வரிசை, சுவருக்கான வெள்ளை டைல்ஸ். முதலில் விழுந்தவள் நான்தான். முழங்கை வீங்கியது. “தாண்டுடின்னு சொன்னேன்ல?” என்றாள் அம்மா, தரையின் தரத்தில் திருப்தியோடு.

பால் காய்ச்சிய அன்று காரியக்காரரின் பேரன் பழத்தட்டோடு வந்தார். கரை வேட்டி, ஒன்றியக் கவுன்சிலர். நாங்கள் அழைக்கவில்லை, தேர்தல் அழைத்திருந்தது. கார் கதவுச் சத்தம் கேட்டதுமே அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை வெள்ளை வரிசையில் ஊற்றிவிட்டு அடுப்போரம் நின்றுகொண்டாள். பக்கத்தில் உலக்கை இல்லை. குழவிக் கல் இருந்தது.

எச்சரித்தால் அம்மாவுக்குத் துரோகம். சும்மா இருந்தால்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கத் தேவையில்லை. விழுந்த பிறகு தூக்கிவிடக் குனிந்திருப்பீர்கள்.

அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

“பாட்டிம்மா, உள்ள வரலாங்களா?”

அம்மா அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

“பாத்து,” என்றாள். “தாண்டி வாங்க.”

பால் குடித்துவிட்டு அவர் தாண்டியே திரும்பிப் போனார்.

“விட்டுட்டியேம்மா,” என்றேன்.

“கேட்டுட்டு வந்தான்ல.” சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு அந்த வரிசையில் ஊற்றினாள். “இது கேக்காம வர்றவனுக்கு.”

அம்மாவுக்குப் பிறகும் அந்த ஒரு வரிசையை யாரும் பெயர்க்க விடமாட்டேன் அப்பா. ஈரம் காயவும் விடமாட்டேன். கேட்டு வருபவர்களுக்குத் தாண்டச் சொல்வேன். கேட்காமல் வந்து விழுபவரைத் தூக்கிவிட மட்டும் குனிய மாட்டேன்.

முழங்கை வீக்கம் இன்னும் வடியாத,
உங்கள் மகள்
ராசாத்தி